படபடப்பும் பயமும் சேர்ந்து வரும்போது என்ன செய்யலாம்?

படுத்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, மூச்சு முட்டுகிறது, விரல் நுனி மரத்துப்போகிறது. "எல்லாம் உன் மனப்பிரமை" என்று வீட்டில் யாராவது சொன்னால் அதை ஏற்காதீர்கள். உடம்பில் நடப்பது உண்மை. பயத்தில் அட்ரினலின் சுரப்பதால் இதயம் வேகமெடுக்கிறது. வேகவேகமாக மூச்சு வாங்குவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. தலைசுற்றலும் உதடு, விரல் மரத்துப்போவதும் அதனால்தான்.

படி 1: முறையாக ஒருமுறை மருத்துவரிடம் காட்டுங்கள்

பதற்றம்தான் காரணம் என்று நீங்களே முடிவு செய்ய வேண்டாம். ரத்தசோகையிலும், தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும். இசிஜி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை என்று தேவையானதை மருத்துவர் பார்ப்பார். எத்தனை காபி குடிக்கிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

நெஞ்சில் பாரம் வைத்தது போன்ற வலி, அது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவுவது, குளிர்ந்து வியர்ப்பது, மயக்கம், ஒரு பக்கக் கை கால் செயலிழப்பது, பேச்சு குழறுவது: இவற்றில் எது வந்தாலும் உடனே 108. "வாயுப் பிடிப்புதான்" என்று சோடா குடித்துவிட்டுக் காத்திருப்பது நம் ஊரில் பல உயிர்களை வாங்கியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளுக்குப் பெரிய வலி இல்லாமலேகூட மாரடைப்பு வரலாம். முதல் தடவை என்றால், சந்தேகம் இருந்தாலே போய்க் காட்டிவிடுங்கள்.

படி 2: படபடப்பு வந்த அந்த நேரத்தில்

பதற்றம்தான் என்று மருத்துவர் சொல்லிவிட்டாரா? சரி, இனி அது வரும்போது உட்கார்ந்து தோளைத் தளர்த்துங்கள். நான்கு எண்ணும்வரை மூக்கால் மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஆழமாக இழுப்பதைவிட நீளமாக விடுவதுதான் முக்கியம். ஐந்து நிமிடம் செய்யுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வழக்கம் வேண்டாம், அது ஆபத்து. பதற்றத்தின் உச்சம் பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும், அப்புறம் தானாக இறங்கும். அதை அடக்கப் போராடாமல் இறங்க விடுங்கள்.

படி 3: சோதித்துக்கொண்டே இருப்பதைக் குறையுங்கள்

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டர், பிபி மெஷின், கையில் ஸ்மார்ட் வாட்ச், நள்ளிரவில் கூகுள். அளவு சரியாக இருந்தால் சற்று நேரம் நிம்மதி, பிறகு "இப்போது எப்படி இருக்கிறதோ" என்று மறுபடி சந்தேகம். பயத்தோடு பிபி பார்த்தால் அளவு ஏறித்தான் காட்டும், அதைப் பார்த்துப் பயம் இன்னும் கூடும். சொறியச் சொறிய அரிப்பு கூடுவது போலத்தான் இதுவும்.

ஒரேயடியாக நிறுத்த முடியாது. முதல் வாரம், ஒரு நாளில் எத்தனை முறை சோதிக்கிறீர்கள் என்று எழுதி மட்டும் வையுங்கள். அடுத்த வாரம், கை மெஷினுக்குப் போகும்போது 15 நிமிடம் தள்ளிப் போடுங்கள், பிறகு 30 நிமிடம். மருத்துவர் தினமும் பிபி பார்க்கச் சொல்லியிருந்தால் அவர் சொன்ன நேரத்தில் மட்டும் பாருங்கள். அறிகுறிகளை இணையத்தில் தேடுவதை, முக்கியமாக இரவில், விட்டுவிடுங்கள்.

"எனக்கு ஒன்றும் ஆகாதுல்ல?" என்று வீட்டில் திரும்பத் திரும்பக் கேட்பதும் சோதனைதான். வீட்டாரே, ஒரு முறை அன்பாகப் பதில் சொல்லுங்கள். அடுத்த முறை கேட்டால், "வாங்க, கொஞ்சம் நடந்துவிட்டு வரலாம்" என்று கூட்டிப்போங்கள். புதிதாக ஏதாவது தொந்தரவு வந்தால், ஏற்கெனவே பார்த்த அதே மருத்துவரிடம் போங்கள். டாக்டரை மாற்றி மாற்றி ஸ்கேன் எடுப்பதில் பயம் தீராது.

படி 4: விட்டதை மறுபடி தொடங்குங்கள்

பயந்து மாடிப்படி, கூட்டமான பஸ், தனியாக வெளியே போவது எல்லாவற்றையும் விட்டிருப்பீர்கள். சிறியதிலிருந்து தொடங்குங்கள்: முதலில் ஒரு மாடி, ஒரு ஸ்டாப். படியேறும்போதும் இதயம் வேகமாக அடிக்கும், பிறகு அடங்கும். அதை உடம்பு பழகிக்கொள்ளட்டும்.

படி 5: உதவி கேளுங்கள்

சில வாரங்களாகத் தூக்கமோ வேலையோ கெட்டுப்போயிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். சிந்தனை, நடத்தை சார்ந்த சிகிச்சை இதற்கு நன்றாகவே பலன் தரும். மருந்து கொடுத்தால் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகலாம், நீங்களாகவே நிறுத்தாதீர்கள். மெடிக்கலில் நீங்களே தூக்க மாத்திரை வாங்கிப் போடவே வேண்டாம், பழக்கமாகிவிடும். இந்திய அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழிலேயே பேசலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப் பார்த்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அந்த நிமிடமே கூப்பிடுங்கள்.