டிராக்டர் கியர் 'கர்ர்ர்' என்று கத்துவது ஏன்?

நின்றிருக்கும் டிராக்டரில் கிளட்சை மிதித்த மறுநொடியே கியரைத் தள்ளினால் 'கர்ர்ர்' என்று ஒரு சத்தம் வருமே, அது கியர் பல்லின் ஓரம் தேயும் சத்தம். கிளட்சை மிதித்தால் உள்ளே எல்லாமே நின்றுவிடும் என்று நினைப்பதுதான் இருப்பதிலேயே பெரிய தவறு. இன்ஜினிலிருந்து வரும் விசை மட்டும்தான் நிற்கிறது. அணைத்த மின்விசிறி மாதிரி, கியர் பாக்ஸின் உள் ஷாஃப்ட் (சுழல் தண்டு) ஓரிரு நொடி சுற்றிக்கொண்டுதான் இருக்கும். சக்கரத்தோடு சேர்ந்த ஷாஃப்டோ அசையாமல் நிற்கிறது. சுற்றுகிற பல்லை நிற்கிற பல்லுக்குள் திணித்தால் கத்தாமல் என்ன செய்யும்? மிதித்து, மூன்று எண்ணி, பிறகு போடுங்கள்.

சில நேரம் ஷாஃப்ட் நின்ற பிறகும் கியர் விழாது. பல்லின் முனையும் முனையும் முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது லிவரை உதைக்காதீர்கள் (உதைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்). நியூட்ரலுக்கு வந்து கிளட்சை லேசாக விட்டு மறுபடி மிதித்தால் பல் கொஞ்சம் திரும்பி வழிவிடும்.

கார் ஓட்டிப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். காரில் உள்ள சிங்க்ரோமெஷ் என்ற அமைப்பு இரு பக்க வேகத்தைச் சமன்செய்த பிறகே கியரைப் பூட்டும். பழைய டிராக்டர்களின் ஸ்லைடிங் மெஷ் என்ற கியர் வகையில் கியரே நகர்ந்து போய்ப் பல்லோடு பல் கோக்கும். கான்ஸ்டன்ட் மெஷ் வகையில் கியர்கள் எப்போதும் கோத்தே இருக்கும். கியரை ஷாஃப்டோடு பூட்டும் பல் வளையமான காலர் மட்டும் நகரும். கியர் பல் தப்பிக்கிறது, அவசரத்துக்கு அடி வாங்குவது காலரின் பல்.

எல்லா கியரையும் வேகமாகவோ மெதுவாகவோ மாற்றும் ஹை-லோ லிவர் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. 4 கியரை 8 ஆக்குவது அதுதான். 20 பல் கியர் 60 பல் கியரைச் சுற்றினால் வேகம் மூன்றில் ஒன்றாகும், இழுவை கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். சிங்க்ரோ இல்லாத வண்டியில், ஓடும்போது இந்த லிவரைத் தொடவே கூடாது. பாரத்தோடு மேடேறும் முன்பே ஏற்ற கியரைப் போட்டுவிடுங்கள். இறக்கத்தில் நியூட்ரல் போட்டால் இன்ஜின் பிடிப்பு போய்விடும், டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்.

லிவர் மேலேயே கையை வைத்திருந்தால் உள்ளே கியரை நகர்த்தும் ஃபோர்க் தேயும். கிளட்ச் மேலேயே காலை வைத்திருந்தால் கிளட்ச் பேரிங் போகும்.

கியர் பாக்ஸ் எண்ணெய் பால் நிறமானால் தண்ணீர் கலந்துவிட்டது. மாற்றும்போது, வடித்த எண்ணெயில் விரலை விட்டுப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை கொஞ்சம் ஒட்டினால் வழக்கமான தேய்மானம்தான். நகத்தில் உலோகம் துண்டு துண்டாக நெருடினால் கியர் பாக்ஸைத் திறந்தே ஆகவேண்டும்.