'நல்லாத்தான் இருக்கேன்' என்று தொடங்காதீர்கள்: கவுன்சலிங் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பஸ் கண்டக்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்தார். கூடவே மனைவியும் மகனும். கையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் மூன்று ஈசிஜி, ஒரு எக்கோ, தைராய்டு, சர்க்கரை எல்லாம் இருந்தன, எல்லாமே நார்மல். ஆனால் விடியற்காலை நாலரைக்கு நெஞ்சு படபடவென்று அடித்து அவரை எழுப்பிவிடுகிறது. 'எப்படி இருக்கீங்க?' என்றேன். 'நல்லாத்தான் இருக்கேன் மேடம்' என்றார். (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனநல ஆலோசனை அறையில் நான் அதிகம் கேட்கும் வாக்கியம் இதுதான். வீட்டில் யாராவது வந்தால் இருக்கிற சாமானையெல்லாம் ஒரு அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்துவோம் இல்லையா, அந்தப் பழக்கத்தோடுதான் பலரும் இங்கேயும் வருகிறார்கள். பேசித் தீர்க்கும் சிகிச்சையில் மருந்தும் ஊசியும் கிடையாது, உங்கள் பேச்சு மட்டும்தான் உண்டு. அதில் எதை மறைக்கிறீர்களோ அந்த இடத்துக்குச் சிகிச்சை போய்ச் சேராது. குடிப்பதை மறைப்பார்கள். கடன் இருப்பதை மறைப்பார்கள். யாரோ கொடுத்த தூக்க மாத்திரையை ஆறு மாதமாகப் போட்டுக்கொண்டிருப்பதை மறைப்பார்கள். 'மேடம் என்ன நினைப்பாங்களோ' என்ற கூச்சம்தான் காரணம். நாங்கள் மதிப்பெண் போட உட்கார்ந்திருக்கவில்லை. கூச்சமாக இருந்தால், 'இதைச் சொல்லக் கூச்சமா இருக்கு' என்றாவது சொல்லுங்கள். பாதி கதவு அங்கேயே திறந்துவிடும்.

அடுத்த தவறு, குடும்பமே உள்ளே வந்து உட்காருவது. நான் அவரைக் கேட்டால் மனைவி பதில் சொன்னார், மனைவியைக் கேட்டால் மகன் சொன்னார். இருவருக்கும் அவர்மேல் இருந்த அக்கறை உண்மையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த அக்கறைக்கு நடுவே அவருடைய குரல் கேட்கவே இல்லை. பத்து நிமிடம் கழித்து இருவரையும் வெளியே உட்காரச் சொன்னேன். தனியானதும் அவர் ரொம்ப நேரம் பேசவில்லை. கையிலிருந்த டோக்கன் சீட்டை நீளவாக்கில் மடித்து, இரண்டு விரல்களுக்கு நடுவே சொருகிக்கொண்டார். கண்டக்டர்கள் நோட்டுகளைச் சொருகிக்கொள்வதைப் போல. அதைப் பார்த்துவிட்டு, 'பையை ஒப்படைச்ச அன்னிக்கு எப்படி இருந்தது?' என்று கேட்டேன். அப்புறம்தான் பேச ஆரம்பித்தார். பேச்சை விட அழுகை அதிகம்.

வெளியே வந்ததும் மகன், 'அப்பா என்ன சொன்னார்?' என்று கேட்டார். நான் சொல்லவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பற்றிய ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. உயிருக்கு ஆபத்து, நீதிமன்ற உத்தரவு போன்ற சில சூழல்களில் மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்குகள் என்னென்ன என்று முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: திரும்பி வந்தவரை, என்ன பேசினாய் என்று துருவாதீர்கள். ஒரு காபி போட்டுக் கொடுங்கள், போதும்.

யாரிடம் போவது என்பதில் நடக்கும் குழப்பமும் பெரிது. சைக்கியாட்ரிஸ்ட் என்பவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநல மருத்துவம் படித்த டாக்டர், மாத்திரை எழுதுவார். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு பெற்றிருக்க வேண்டும். 'கவுன்சலர்' என்ற பெயரோ அப்படியல்ல, யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிக்கொள்கிறார்கள். நல்ல பயிற்சி பெற்ற கவுன்சலர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன படித்தீர்கள், எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. கேட்டதும் முகம் சுளிப்பவரிடம் உங்கள் பயத்தைக் கொண்டுபோய் வைக்காதீர்கள். காசு இல்லையே என்று தள்ளிப்போட வேண்டாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு உண்டு.

சரி, சரியான ஆளிடமே வந்துவிட்டீர்கள். 'நான் என்ன பண்ணணும்னு சொல்லுங்க, பண்ணிடறேன்' என்று உட்கார்ந்தால் அதுவும் சிக்கல்தான். வேலையை விடலாமா, மகள் வீட்டோடு போய் இருக்கலாமா, விவாகரத்து வாங்கலாமா என்பதற்கெல்லாம் தீர்ப்பு சொல்வது எங்கள் வேலை இல்லை. அறிவுரை சொல்ல ஊரெல்லாம் ஆள் இருக்கிறது. அதைக் கேட்டுக் கேட்டுத்தான் நீங்கள் களைத்துப்போய் வந்திருக்கிறீர்கள். கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். ஒருவர் மனம் மாற்றம் கொள்ள, கேட்பவரிடம் என்ன இருக்க வேண்டும் என்று அதில் பேசினார். எடை போடாமல் ஏற்றுக்கொள்வது, அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது, பாசாங்கு இல்லாமல் இருப்பது ஆகியவற்றை முக்கியமாகச் சொன்னார். கேட்க எளிதாகத் தெரியும். ஆனால் அப்படிக் கேட்கும் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறைகூட அமையாத பெரியவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

இரண்டு சிட்டிங்கிலேயே நிறுத்திவிடுவது அடிக்கடி நடக்கும். ஒரு சிட்டிங் 45, 50 நிமிடம். பதட்டத்துக்குச் செய்யும் சிபிடி (எண்ணங்களையும் நடந்துகொள்ளும் விதத்தையும் மாற்றப் பழக்குவது) என்ற சிகிச்சைக்குப் பெரும்பாலும் 6 முதல் 20 சிட்டிங் வரை ஆகும். இரண்டாவது, மூன்றாவது தடவையில் முன்பைவிடப் பாரமாகத் தோன்றலாம். வருஷக்கணக்கில் மூடி வைத்ததைத் திறக்கும்போது அது இயல்புதான். ஆனால் தொடர்ந்து மோசமாகவே இருந்தாலோ, எதிரில் இருப்பவர் உங்களை மட்டம் தட்டினாலோ பொறுத்துக்கொள்ளாதீர்கள். நேராகச் சொல்லுங்கள், சரிவரவில்லையா, ஆளை மாற்றுங்கள்.

மாத்திரை விஷயத்தில் ஒன்றே ஒன்று. கவுன்சலிங் ஆரம்பித்துவிட்டோமே என்று அல்ப்ரசோலம், குளோனசெபம் போன்ற பதட்ட மாத்திரைகளைச் சட்டென நிறுத்தாதீர்கள். பதட்டம் பல மடங்காகத் திரும்பும், வலிப்புகூட வரலாம். எழுதிக் கொடுத்த டாக்டரிடம் கேட்டுத்தான் குறைக்க வேண்டும்.

செத்துவிடலாம் என்ற எண்ணம் வந்தால் அடுத்த சிட்டிங் வரை காத்திருக்கவே கூடாது. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கூப்பிடலாம். இலவசம், தமிழிலேயே பேசலாம். உடனடி ஆபத்து என்றால் 108, இல்லை பக்கத்து மருத்துவமனையின் அவசரப் பிரிவு.

கடைசியாக, அறைக்கு வெளியே செய்யும் தவறு. பதட்டம் எதைப் பார்த்து வருகிறதோ அதைத் தவிர்ப்பது. தவிர்த்த உடனே நிம்மதி கிடைக்கும், அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி. 'நல்லவேளை போகல' என்று மனம் கற்றுக்கொள்ளும். அந்தக் கண்டக்டர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து பஸ்ஸில் ஏறவே இல்லை. மகனுடைய பைக்கில்தான் எங்கும் போவார். அதனால் முதல் வாரம் ஸ்டாப்பிங்கில் போய் நிற்பது மட்டும் வீட்டுப்பாடம். அடுத்த வாரம் காலியான பஸ்ஸில் இரண்டு ஸ்டாப்பிங். நெஞ்சு படபடத்தால் இறங்கி ஓடாமல், அது தானாக அடங்கும் வரை உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் போகவே இல்லை. அதையும் வந்து சொன்னார்.

ஏழாவது தடவை தனியாக வந்தார், டவுன் பஸ்ஸில். நாலரைக்கு இன்னும் விழிப்பு வருகிறதாம், எழுந்து டீ போடுகிறாராம். 'கண்டக்டர் சின்னப் பையன் மேடம். சில்லறை இல்லாம திணறினான். நான்தான் மாத்திக் கொடுத்தேன்' என்றார்.