டொராண்டோ குளிருக்கு இருபது உருப்படி

ஜனவரியில் டொராண்டோ வீதியில் மைனஸ் 15 டிகிரி இருக்கும் நாளிலும், ஆபீசுக்குள் ஹீட்டர் 21 டிகிரியில் ஓடிக்கொண்டிருக்கும். கூட்டமான ரயிலில் இன்னும் புழுக்கம். முதல் குளிருக்கு ஆயத்தமாகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். மெத்தை மாதிரி ஒரு ஸ்வெட்டரை வாங்கிவிடுகிறார்கள். ரயிலில் அதைக் கழற்றவும் முடியாது, போட்டிருக்கவும் முடியாது. வியர்த்த உடம்போடு வெளியே இறங்கினால் ஐந்தே நிமிஷத்தில் முதுகு ஜில்லிட்டுவிடும். உள்ளே போடுவது எல்லாம் மெல்லிசாக, அடுக்கடுக்காக இருக்க வேண்டும். வெளிக்குளிரைக் கோட்டும் பூட்ஸும் பார்த்துக்கொள்ளும்.

ஒன்றோடொன்று சேரும் துணிகளைக் கொஞ்சமாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் போடுவதைத்தான் கேப்சூல் வார்ட்ரோப் என்கிறார்கள். அமெரிக்க வடிவமைப்பாளர் டோனா கேரன் 1985-இல் ஏழே உருப்படிகளை வைத்து ஒரு தொகுப்புக் கொண்டுவந்தார். டொராண்டோவுக்கு ஏழு போதாது, இருபது தாராளம். கணக்கு இது: கம்பளிக் கோட்டு 1, பார்க்கா (தூவி அடைத்த, தலைமூடி வைத்த தடித்த கோட்டு) 1, பறவைத் தூவி அடைத்த, கையில்லாத மெல்லிய டவுன் வெஸ்ட் 1, ஸ்வெட்டர் 4, சட்டை 4, பேன்ட் 3, தெர்மல் (உடம்போடு ஒட்டிச் சூடு காக்கும் உள்ளாடை) மேலுக்கு 2, கீழுக்கு 2, பூட்ஸ் 1 ஜோடி, ஆபீஸ் ஷூ 1 ஜோடி. மஃப்ளர், குல்லா, கையுறை, காலுறையெல்லாம் இதில் சேராது.

நிறத்தை முதலில் முடிவு செய்யுங்கள். கோட்டும் பேன்ட்டும் நேவி நீலம், கரிச்சாம்பல் இரண்டுக்குள் அடங்கட்டும். சட்டைகள் வெள்ளையும் இளநீலமும். ஸ்வெட்டரில் மட்டும் ஒன்று அடர் அரக்குச் சிவப்பாக இருக்கலாம். கறுப்பு பத்திரமான நிறம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஆனால் பனி உருகச் சாலையில் கொட்டும் உப்பின் வெள்ளைத் தடமும் கோட்டில் ஒட்டும் பஞ்சும் கறுப்பில்தான் பளிச்சென்று தெரியும். கடைகளில் அழகாகத் தொங்கும் ஒட்டக நிறக் கோட்டு, சில மாநிற முகங்களுக்குப் பக்கத்தில் சோர்ந்துபோய்த் தெரியும். வாங்குமுன் ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தருகே பிடித்துப் பாருங்கள்.

கோட்டும் பார்க்காவும்

பணத்தில் பெரும்பங்கு கோட்டுக்கும் பூட்ஸுக்கும் போகட்டும். இரண்டையும் அக்டோபரிலேயே வாங்கிவிடுங்கள். டிசம்பர் 26 பாக்ஸிங் டே தள்ளுபடிக்குக் காத்திருந்தால் நவம்பர் முழுக்க நடுங்க வேண்டியதுதான். ஸ்வெட்டர்களுக்கு வேண்டுமானால் காத்திருக்கலாம். டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் சீட்டில் போட்டிருக்கும் விலையோடு 13 சதவீத வரி சேரும். 400 டாலர் கோட்டுக்கு 452 டாலர் எடுத்துவைக்க வேண்டும்.

உள்பக்க லேபிளில் கம்பளி 70 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். கூடவே 10, 20 சதவீதம் நைலான் இருந்தால் குற்றமில்லை, துணி தேயாமல் நிற்க அது உதவும். பாலியெஸ்டர் பாதிக்கு மேல் போனால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். நீளம் முழங்காலைத் தொட்டும் தொடாமலும் இருந்தால் நல்லது. இடுப்போடு நிற்கும் கோட்டில் காற்று கீழிருந்து ஏறும். போட்டுப் பார்க்கும்போது இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டரை உள்ளே போட்டு, எல்லாப் பட்டனையும் மாட்டி, இரு கைகளையும் முன்னால் கட்டிப் பாருங்கள். முதுகு இழுத்தால் அடுத்த அளவு எடுக்க வேண்டும். கை நீளத்தை எந்தத் தையற்காரரும் குறைத்துத் தருவார். தோள் பொருந்தாவிட்டால் சரிசெய்வது கோட்டு விலையில் பாதியைத் தின்னும்.

வீட்டுக்கு வந்ததும் பின்பக்கப் பிளவில் பெருக்கல் குறிபோல் போட்டிருக்கும் தையலையும், கைமுனையில் வெளியே தைத்திருக்கும் பிராண்ட் பட்டியையும் சின்னக் கத்தரியால் பிரித்துவிடுங்கள். இரண்டும் கடைவரைக்கும் துணைக்கு வந்தவை. டவுன்டவுனில் அந்தப் பெருக்கல் குறியோடு குளிர்காலம் முழுவதையும் ஓட்டுபவர்கள் இன்றும் கண்ணில் படுகிறார்கள்.

கம்பளிக் கோட்டு மட்டும் மைனஸ் 5 வரைக்கும், உள்ளே டவுன் வெஸ்ட் சேர்த்தால் மைனஸ் 10 வரைக்கும் தாங்கும். அதற்கும் கீழே, அல்லது காற்று அறையும் நாளில், பார்க்காதான். ஃபில் பவர் (உள்ளே அடைத்த தூவி எவ்வளவு உப்பி நிற்கும் என்ற அளவு) 600-க்கு மேல், தலைமூடியோடு, தொடையை மூடும் நீளம். நெஞ்சில் பெரிய முத்திரை இல்லாததாகத் தேடுங்கள்.

உள்ளே போடுபவை

நான்கு ஸ்வெட்டரில் இரண்டு மெல்லிய மெரினோ (மெல்லிழைச் செம்மறிக் கம்பளி), ஒன்று கழுத்து மூடிய டர்டில்நெக், ஒன்று ஆட்டுக்குட்டிக் கம்பளியில், முன்னால் திறக்கும் லாம்ப்ஸ்வூல் கார்டிகன். அடி விளிம்பை இழுத்து விட்டுப் பாருங்கள். பழைய நிலைக்கு உடனே திரும்பாதது நாலு தரம் போட்டதுமே தொங்கிவிடும். மலிவான காஷ்மீர் ஆட்டு ரோமத்தை விட நல்ல மெரினோ மேல். மலிவு காஷ்மீரில் இழைகள் குட்டையானவை, ஒரே மாதத்தில் அக்குளில் உருண்டை உருண்டையாகத் திரளும். வேல்யூ வில்லேஜ் போன்ற பழைய துணிக் கடைகளில் நல்ல கம்பளி ஸ்வெட்டர் அடிக்கடி கிடைக்கும். முழங்கையை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள்.

தெர்மலில் பருத்தி வேண்டாம். அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே ஒட்டிக்கிடக்கும். மெரினோ அல்லது பாலியெஸ்டர், கழுத்து ஆழமாக இறங்கியது. சட்டையின் மேல் பட்டனைத் திறந்தால் பனியன் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஊரிலிருந்து கொண்டுவர உகந்தவை பேன்ட்டும் சட்டையும். கம்பளிக் கலப்பு சூட்டிங் துணியில் இரண்டு பேன்ட் தைத்துக்கொள்ளுங்கள். முன்பக்கம் முழங்கால்வரை லைனிங் கேளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும். அளவு கொடுக்கப் போகும்போது தெர்மலைப் போட்டுக்கொண்டே போங்கள். மூன்றாவதாக, சாயம் அடர்ந்த ஜீன்ஸ் ஒன்று போதும்.

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ சேலை கட்டுகிறவர்களுக்கு அதே தெர்மல் பாவாடைக்குள் போகும், அதே டர்டில்நெக் ரவிக்கையாகும். பூட்ஸோடு போய் மண்டப வாசலில் செருப்புக்கு மாறுங்கள். சேலைக் கரையை உப்புச் சேற்றில் படவிடாதீர்கள்.

பூட்ஸ்

மேலே தோல், அடியில் ஆழமாக வெட்டிய ரப்பர். கம்பளிக் காலுறையோடு நின்று பார்த்தால் விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் தடைப்பட்டு, எத்தனை காலுறை மாட்டினாலும் கால் விறைக்கும். ஆபீஸ் ஷூவை மேசை இழுப்பறையிலேயே விட்டுவைத்தால் உப்பு அதை அண்டாது. பூட்ஸில் வெள்ளைக் கோடு விழுந்த அன்று மாலையே பாதி தண்ணீர், பாதி வினிகர் கலந்து துணியால் துடைத்துவிடுங்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து ஹீட்டருக்குத் தள்ளிக் காயவையுங்கள். சூட்டில் காய்ந்த தோல் வெடிக்கும்.

சலவை

ஸ்வெட்டரை ஒவ்வொரு தடவையும் துவைக்க வேண்டாம். ஐந்தாறு முறை போடலாம், இடையிடையே காற்றாட விடுங்கள். துவைக்கும்போது உள்புறம் வெளியே திருப்பி, 30 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில், கம்பளிக்கென்று விற்கும் சோப்பில். சாதாரணச் சலவைத்தூளில் புரதக் கறையைத் தின்னும் என்சைம் இருக்கலாம், கம்பளியே புரதம்தான். சூடும் உரசலும் சேர்ந்தால் இழைச் செதில்கள் ஒன்றையொன்று கவ்வி ஸ்வெட்டர் பிள்ளைச் சட்டையாகிவிடும், அதைத் திருப்ப வழியில்லை. துவட்டும் துண்டில் சுருட்டி அழுத்தி ஈரம் எடுத்து, தட்டையாக விரித்துக் காயவையுங்கள். கொடியில் போட்டால் தன் எடையிலேயே நீளும்.

ஏப்ரலில் மூட்டை கட்டுமுன் எல்லாவற்றையும் துவைத்தே வையுங்கள். அந்துப்பூச்சியின் புழுக்கள் வியர்வையும் சாப்பாட்டுக் கறையும் பட்ட இடத்தைத்தான் முதலில் அரிக்கும். அந்துருண்டை போட்டால் அடுத்த குளிர்காலம் முழுக்க அந்த வாடைதான் ரயிலில் உங்களுக்கு முன்னால் ஏறும். காற்றுப் புகாத பையே போதும். ஓட்டை விழுந்த ஸ்வெட்டர் கண்ணில் பட்டால், புழு சாக, பையில் கட்டி மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில், தேங்காய்த்துருவல் பாக்கெட்டுக்குப் பக்கத்தில், இரண்டு வாரம் வையுங்கள்.