மல்டி டூலைக் கிரைண்டர் போலப் பிடிக்காதீர்கள்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கிற காலம் அதுதான். ஃபைபர் வேலைக்கு இப்போது வட்டத் தகடு சுற்றி வெட்டும் கிரைண்டரோடு, முனையை மாற்றி வெட்டவும் தேய்க்கவும் ஆகிற மல்டி டூலும் வந்துவிட்டது. கை மட்டும் இன்னும் கிரைண்டர் பழக்கத்திலேயே இருக்கிறது.

மல்டி டூலின் பிளேடு சுற்றாது. ஏறக்குறைய 3 டிகிரிக்குள் இடமும் வலமும் அசையும், நிமிடத்துக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் தடவை. மாவுக்கட்டை வெட்டும் ஆஸ்பத்திரி ரம்பமும் இப்படித்தான் ஓடுகிறது. (அது தோலைக் கிழிக்காதே என்று இங்கே விரலை வைத்துவிடாதீர்கள், மரம் வெட்டும் பல் பிளேடு நன்றாகவே கிழிக்கும்.) அழுத்திப் பிடித்தால் அந்தச் சின்ன அசைவும் செத்து, சூடுதான் மிஞ்சும். ஃபைபரின் இழைகளைப் பிணைக்கும் பிசினான ரெசின் இளகிப் பல்லில் அப்பிக்கொள்ளும், கருகிய வாடை வரும். வேகத்தைக் குறைத்து, பிளேடை முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே வெட்டினால் தூள் வெளியேறும், வெட்டும் ஓடும்.

பெட்டியோடு வந்த மர பிளேடைக் கண்ணாடி இழையில் வைத்தால் சில அங்குலத்திலேயே மழுங்கிவிடும். விலை உறுத்தினாலும் கார்பைடு துகள் பதித்த பிளேடே வாங்குங்கள். நீள வெட்டுக்கு அரைவட்ட பிளேடு, மூலைக்கு நேர் பிளேடு. வெட்டு தொடங்கும்போது பிளேடு துள்ளி, ஃபைபரின் பளபளப்பான வெளிப்பூச்சான ஜெல்கோட்டில் கீறல் போடும். வெட்டப்போகிற கோட்டின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, பிளேடின் ஒரு முனையைச் சாய்த்து இறக்குங்கள்.

எனக்குப் பயம் தருவது ஆழம்தான். தளத்துக்கு அடியில் ஒயர் போகிறதா, டீசல் குழாய் போகிறதா என்று பார்க்காமல் இறக்குகிறவர்கள் உண்டு. எவ்வளவு ஆழம் போகலாமோ அந்த இடத்தில் பிளேடிலேயே டேப் சுற்றிக்கொள்ளுங்கள்.

உப்புத்தாள் ஒட்டி மாட்டுகிற முக்கோணத் தேய்ப்பானை மூலை முடுக்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அகலமான பக்கத்தில் குழி விழும்.

ஈர மணலில் எக்ஸ்டென்ஷன் ஒயர் ஆபத்து. பேட்டரி கருவி இல்லையென்றால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகத்தான் இணைப்பு எடுக்க வேண்டும். அசிட்டோனால் துடைத்த உடனே சுவிட்சைப் போடாதீர்கள், மோட்டாரின் கார்பன் பிரஷ் விடும் பொறியில் அதன் ஆவி தீப்பிடிக்கும். வாயில் கட்டிய துண்டு கண்ணாடித் தூளைத் தடுக்காது, என்95 முகமூடி வேண்டும்.

வெட்டிய ஓரத்தில் ஃபைபருக்கு உள்ளே இருக்கும் மரம் தெரிந்தால், அது காய்ந்திருக்கிறதா என்று பார்த்து, படகு தண்ணீரில் இறங்குவதற்குள் ரெசின் பூசி மூடுங்கள். விட்டால் மரம் தண்ணீர் குடித்து, அடுத்த தடைக்காலத்தில் அதே இடத்தை மறுபடி வெட்ட வேண்டியிருக்கும்.