சேர்த்து எழுதுவதா, பிரித்து எழுதுவதா?

இரு சொற்களைச் சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற ஐயம் எழுந்தால், அவற்றுக்கு இடையே வேறொரு சொல்லை நுழைத்துப் பாருங்கள். பொருள் மாறாமல் நின்றால் பிரித்தும், சிதைந்தால் சேர்த்தும் எழுதலாம். 'ஆசிரியர் கணக்குச் சொல்லிக்கொடுத்தார்' என்பதில் 'கற்பித்தார்' என்ற ஒரே பொருள் இருப்பதால் நடுவில் எதையும் செருக இயலாது. 'நன்றி சொல்லிக் கொடுத்தார்' என்பதையோ 'நன்றி சொல்லிப் பணத்தைக் கொடுத்தார்' என விரிக்கலாம், ஏனெனில் அங்கே சொல்வதும் கொடுப்பதும் இரு தனிச் செயல்கள். பெயர்களிலும் அப்படியே: 'சிறிய கதை' என்பதைச் 'சிறிய இனிய கதை' ஆக்கலாம், 'சிறுகதை' என்ற இலக்கிய வகையைப் பிளக்க முடியாது. பிரிக்கும்போது இடையில் வரும் வல்லின ஒற்றை ('சொல்லிக் கொடுத்தார்' என்பதில் உள்ள 'க்' போன்ற மெய்யெழுத்தை) விட்டுவிடாதீர்கள். பலர் தவறுவது இங்கேதான்.

'கண்ணீர்', 'பொற்குடம்' எனப் புணர்ச்சியில், அதாவது இரு சொற்கள் இணையும்போது, எழுத்தே திரிந்த சொற்களுக்கு இச்சோதனை தேவையில்லை. நீண்ட கலைச்சொற்களுக்கு இது முழுமையாகப் பொருந்தாது: 'மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம்' என்பதன் நடுவே எதையும் நுழைக்க முடியாவிட்டாலும், கண் தடுமாறாமல் படிப்பதற்காக அதை மூன்றாகப் பிரிப்பதே நல்லது என்பது என் கருத்து. எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் ஒரே ஆவணத்திற்குள் அதை மாற்ற வேண்டாம். இடைவெளி மாறினால் கணினித் தேடலில் அச்சொல் அகப்படாமல் போகலாம்.