மாடிப்படியில் டைவிங் பயிற்சி

2019 பிப்ரவரியில் ஸ்கூபா டைவிங்குக்காக அந்தமானில் இருக்கும் ஹேவ்லாக் தீவுக்குப் போயிருந்தேன். ஸ்வராஜ் த்வீப் என்று பெயர் மாறி ஒன்றிரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. படகில் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்கவில்லை. ஜானிஸ் கார்ஜ் என்ற டைவிங் இடத்தில் இறங்கினோம். கீழே நல்ல நீரோட்டம். பாறையை நோக்கி எதிர்த்து நீந்திச் சேர்ந்ததும், சிலிண்டரில் மிச்சமிருக்கும் காற்றின் அழுத்தத்தைக் காட்டும் கேஜைப் பார்த்தேன், 70 பார். இறங்கி 18 நிமிடம்தான் ஆகியிருந்தது. கூட வந்த மூவரிடமும் 120-க்கு மேல் இருந்தது. என்னால் அவர்களும் சீக்கிரம் மேலேற வேண்டியதாயிற்று. படகில் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

தினமும் அரை மணி நேரம் நடக்கிற ஆள்தான் நான். அது போதும் என்று நினைத்திருந்தேன்.

ஒரு சின்னக் கணக்கு. 11 லிட்டர் சிலிண்டரில் 200 பார் நிரப்பினால் ஏறக்குறைய 2,200 லிட்டர் காற்று. 50 பாரைத் தொடாமல் மிச்சம் வைத்தால் 1,650 லிட்டர்தான் நம் கணக்கு. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மூன்று மடங்கு. தரையில் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கிறவர் அங்கே 60 லிட்டர் இழுப்பார். 27 நிமிடத்தில் காலி. 14 லிட்டரில் சமாளிக்கிறவருக்கு 39 நிமிடம். இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வேகமாக, மேலோட்டமாக மூச்சு விட்டால் கரியமில வாயு சரியாக வெளியேறாது. மூச்சு முட்டுகிற உணர்வைத் தருவதே அதுதான். முட்ட முட்ட இன்னும் வேகமாக இழுப்போம், இன்னும் முட்டும்.

ஆகவே நமக்கு வேண்டியது கால் வேலை செய்துகொண்டிருக்கும்போதே மூச்சை நிதானமாக வைத்திருக்கும் பழக்கம். வேகம் அப்புறம். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளியே ஓடவும் முடியாது, கடலும் கலங்கிக் கிடக்கும். எனக்கு இருந்தது நான்கு மாடிக் குடியிருப்பு, மொத்தம் 68 படி.

முதலில் டாக்டர். எனக்கு வயது 47. டைவிங்கில் நடக்கும் மரணங்களில் இதயக் கோளாறுக்குப் பெரிய பங்கு உண்டு. கழுத்தளவு தண்ணீரில் நின்றாலே கால் ரத்தம் நெஞ்சுப் பக்கம் ஏறி இதயத்துக்கு வேலை கூடும். நாற்பதைத் தாண்டியவர்கள், ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா உள்ளவர்கள் கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

படி ஏறும் முறை இதுதான். நாலு படிக்கு மூச்சை உள்ளே இழுங்கள், ஆறு படிக்கு வெளியே விடுங்கள். அந்தத் தாளம் உடைந்தால் வேகம் அதிகம் என்று அர்த்தம். வேகத்தைக் குறையுங்கள், தாளத்தை விடாதீர்கள். முதல் வாரம் எனக்கு இரண்டாவது மாடியிலேயே உடைந்தது. இறங்கும்போது மெதுவாக, கைப்பிடியைப் பிடித்தபடி. முட்டி கெடுவது இறங்கும்போதுதான், லிஃப்ட் இருந்தால் அதிலேயே இறங்கலாம், வெட்கம் வேண்டாம். 20 நிமிடத்தில் தொடங்கி ஒரு மாதத்தில் 40 நிமிடத்துக்குக் கொண்டுபோனேன். 220-இலிருந்து வயதைக் கழிக்கும் பழைய கணக்கில் என் உச்ச நாடித்துடிப்பு 173. படியில் 110-லிருந்து 125-க்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்கிறேன். நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்த எண் பொருந்தாது. இரண்டு வாக்கியம் தொடர்ந்து பேச முடிகிறதா என்று பார்த்தால் போதும்.

இரண்டாவது மாதம் பையன் விட்டுப்போன ஸ்கூல் பையில் ஐந்து கிலோ பொன்னி அரிசி. அப்புறம் பத்து கிலோ. நிரம்பிய அலுமினிய சிலிண்டர் மட்டுமே 17 கிலோ வரும், தண்ணீரில் மிதக்காமல் இறங்கக் கட்டிக்கொள்ளும் எடைக்கட்டிகள் தனி. படகு ஆடும்போது இதையெல்லாம் மாட்டிக்கொண்டு எழுந்து நிற்க வேண்டும். பையை முதுகோடு ஒட்ட இறுக்கிக் கட்டுங்கள், தொங்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். கீழ்வீட்டு மாமி, "ஏம்மா, ரேஷன் கடை மொட்டை மாடிக்கு மாறிடுத்தா?" என்று கேட்டார். குலுங்கிக் குலுங்கிப் பாதி அரிசி குருணையாகிவிட்டது, உப்புமாவுக்கு ஆயிற்று.

அடுத்தது கட்டில். இதைத்தான் நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். குப்புறப் படுத்து, இடுப்பெலும்பு விளிம்பில் வரும்படி நகர்ந்து, கால் இரண்டையும் வெளியே நீட்டுங்கள். மெத்தையைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். பாதத்தைப் பின்னால் நீட்டி, தொடையிலிருந்து ஒரு சாண் அளவுக்கு மட்டும் மேலும் கீழும் அடியுங்கள். ஒரு நிமிடம் அடி, அரை நிமிடம் ஓய்வு, எட்டு முறை. நன்றாகத்தான் செய்கிறேன் என்று நினைத்திருந்தேன். பையன் ஊருக்கு வந்தபோது செல்போனில் படம் எடுத்துக் காட்டினான்: முட்டியை மடக்கி மடக்கிச் சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தேன். கடலிலும் அதையேதான் செய்திருப்பேன். அப்படி மிதித்தால் காலில் மாட்டும் துடுப்பான ஃபின் தண்ணீரைப் பின்னால் தள்ளாது, காற்றுதான் வீணாகும். நீங்களும் ஒருமுறை படம் எடுத்துப் பாருங்கள். கீழ்முதுகு வலித்தால் நிறுத்திவிடுங்கள், வயிற்றை லேசாக உள்ளிழுத்துக்கொண்டு மறுபடி தொடங்கலாம்.

வாரத்தில் ஒரு நாள் மட்டும் வேகம். ஒரு கெட்டியான பலகையில், அல்லது முதல் படியிலேயே, 30 விநாடி வேகமாக ஏறி இறங்கி, 90 விநாடி மெதுவாக. எட்டு சுற்று. திடீர் நீரோட்டத்தில் நடப்பதும் இதுதான்: கொஞ்ச நேரம் முழுப் பலம், பிறகு மூச்சைத் திரும்பப் பிடிக்க வேண்டும். அந்த 90 விநாடிக்குள் நாலுக்கு ஆறு தாளம் திரும்புகிறதா என்பதைக் கவனியுங்கள். இதை டைவிங் மாஸ்க் மாட்டிக்கொண்டு செய்கிறேன். மூக்கு அடைபடும், வாயால் மட்டுமே மூச்சு விட வேண்டியிருக்கும். தலை சுற்றினால் உடனே கழற்றிவிடுங்கள். ஸ்கிப்பிங்கும் நல்லதுதான், ஆனால் கீழ்வீட்டில் மாமி இருக்கிறார்.

மூச்சடக்கும் பயிற்சி வேண்டாம். ஸ்கூபாவில் மூச்சை அடக்கவே கூடாது. அடக்கியபடி மேலே வந்தால் நுரையீரலில் விரியும் காற்று அதைக் கிழித்துவிடும். நீச்சல் குளத்தில் தனியாக மூச்சடக்கிப் பார்ப்பது அதைவிட மோசம், மயங்கினால் தூக்க ஆள் இருக்காது.

என் வாரம்: படி மூன்று நாள், கட்டில் இரண்டு நாள், அதில் ஒரு நாள் வேகமும் சேரும். மற்ற இரண்டு நாள் ஒன்றும் இல்லை.

பயணத்துக்கு முன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். டைவுக்கு முந்தின நாளும், முடிந்த பின் 24 மணி நேரமும் கடுமையான உடற்பயிற்சி கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேறிக்கொண்டிருக்கும்போது உடம்பை வருத்தினால் அது குமிழியாகித் தொல்லை தரும் வாய்ப்பு கூடும். டைவ் முடிந்த சாயங்காலம் அறை இரண்டாவது மாடியில் என்றால், சிலிண்டர் தூக்கிய வீரத்தை அங்கே காட்டாமல் மெதுவாக ஏறுங்கள். பல டைவ் செய்திருந்தால் விமானத்துக்கும் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். ஊர் திரும்பி ஒரு நாள் வெறும் நடை. அதற்கடுத்த நாள் அரிசிப் பை.