குருமா ஏன் உறைத்தது?

அக்காவின் மகள் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தபோது அவளுக்காக வட இந்தியக் குருமா வைத்தேன். கஜு, தயிர், ஏலக்காய், மல்லித்தூள், ஒரு பச்சை மிளகாய். மிளகாய்த்தூள் ஒரு சிட்டிகைகூட இல்லை. இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "சித்தி, நாக்கு எரியுது" என்றாள். தண்ணீரைக் குடித்தும் அடங்கவில்லை. மிளகாய்க்கு உறைப்பைத் தரும் காப்சைசின் தண்ணீரில் கரையாதே. தயிர் கொடுத்த பிறகுதான் ஆறியது. எனக்கோ உறைப்பே தெரியவில்லை. கடும் உறைப்பான விந்தாலு கறிக்கே அசராத நாக்கு, சாட்சிக்கு உதவாது.

அடுத்த நாள் பச்சை மிளகாயைப் போடாமல் விட்டேன். அப்போதும் அவளுக்கு எரிந்தது. உருளைக்கிழங்கு போட்டேன், குழம்பைக் குடித்ததே தவிர உறைப்பைக் குடிக்கவில்லை. சீனி போட்டதில் கறியும் இல்லை, பாயசமும் இல்லை. இப்படியே நாலு நாள்.

கடைசியில் ஒவ்வொரு தூளையும் வெறும் நாக்கில் வைத்துப் பார்த்தேன். மல்லித்தூள் முதலில் மல்லியாகத்தான் இருந்தது. கொஞ்சம் பொறுத்துத்தான் தொண்டையில் பிடித்தது. வெள்ளைத் தட்டில் பரப்பினால் இடையிடையே சிவப்புத் துகள். மல்லி அரைக்கப் போன மில்லில் எனக்கு முன்னால் நின்றவர் செத்தல் மிளகாய் அரைத்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மல்லியை வறுத்து வீட்டு கிரைண்டரில் அரைத்தேன். பிள்ளை தட்டை வழித்துச் சாப்பிட்டாள். இப்போது மில்லுக்குப் போனால் முதலில் ஒரு கைப்பிடி பச்சரிசியை ஓட்டச் சொல்கிறேன். அந்தப் பழைய மல்லித்தூள்? நண்டுக் கறிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.